பவுன் விற்றுப் பவுண்டு கட்ட இருந்தோம்

2024 நவம்பர் முதல் வாரம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் எங்கள் அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் பரபரப்பு. குடும்பப் புலனக் குழுவில் என் தம்பி ஒரு செய்தியைப் போட்டிருந்தான். பிரிட்டன் அரசு பல்கலைக்கழகக் கட்டண உயர்வை 3.1 விழுக்காட்டோடு நிறுத்திவிட்டதாம். அதற்குக் கீழே, "அக்கா, உனக்கு நல்ல காலம்தான்" என்று ஒரு வரி.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் அப்போது கோலாலம்பூரை ஒட்டிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியலும் நிதியும் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டு இங்கே, கடைசி ஆண்டு இங்கிலாந்தில் என்கிற 2+1 படிப்பு. 2025 செப்டம்பரில் அவள் விமானம் ஏற வேண்டும். அந்த ஓர் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு ஏறுமோ என்று இரண்டு வருடமாக என் வயிற்றில் புளி கரைந்துகொண்டிருந்தது. அன்று மதியம் அலுவலகத்தில் எல்லோருக்கும் நானே கோப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒன்பது கோப்பி.

இரவு மகளை அழைத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மா, அது அங்க உள்ள பிள்ளைங்களுக்கு. நமக்கு இல்ல."

அவளுக்கு முன்னமே தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. இல்லை, நான்தான் யாரையும் கேட்கவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து அந்தச் செய்தியை முழுதாகப் படித்தேன். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களிடம் இளங்கலைப் படிப்புக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2012இல் அதை 9,000 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். 2017இல் 9,250 ஆனது. அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் அசையவே இல்லை. 2025இல் தொடங்கும் கல்வியாண்டுக்கு 9,535 பவுண்டு. தம்பி அனுப்பிய 3.1 விழுக்காடு இதுதான். செய்தியில் பொய் ஒன்றும் கிடையாது. யாருக்கு என்பது மட்டும் தலைப்பில் இல்லை. வெளிநாட்டு மாணவருக்கு அங்கே எந்த உச்சவரம்பும் கிடையாது. பல்கலைக்கழகம் வைத்ததுதான் விலை.

இதில் என்னை அதிகம் உறுத்தியது வேறொரு விஷயம். உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு வருடக்கணக்கில் கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் மின்சாரக் கட்டணமும் விரிவுரையாளர் சம்பளமும் அதற்காகக் காத்திருக்காது. அந்தப் பள்ளத்தைப் பல்கலைக்கழகங்கள் பெருமளவு வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை வைத்துத்தான் நிரப்புகின்றன. அங்கே இதை யாரும் மூடி மறைப்பதில்லை, வெளிப்படையாகவே பேசுகிறார்கள். ஆக அவர்கள் பிள்ளைக்கு அரசு போட்ட பூட்டுதான் என் பிள்ளையின் கட்டணம் ஏறுவதற்கு ஒரு காரணம். நான் கோப்பி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியது இதைத்தான்.

என் நாத்தனார் கனடாவில், டொராண்டோ பக்கம் இருக்கிறார். அவரிடம் புலம்பியபோது, "அண்ணி, இங்கயும் அதே கதைதான்" என்றார். ஒன்டாரியோ மாநில அரசு 2019இல் கட்டணத்தை 10 விழுக்காடு குறைத்து அப்படியே நிறுத்தி வைத்தது. அதுவும் உள்நாட்டு மாணவருக்கு மட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை.

மலேசியர்களுக்கு இது புதிய அடியும் இல்லை. 1980இல் பிரிட்டனில் தாட்சர் அரசு வெளிநாட்டு மாணவருக்கு முழுக் கட்டணத்தைக் கொண்டுவந்தபோது, அங்கே நம் நாட்டுப் பிள்ளைகள் ஏராளமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1981இல் நம் பிரதமர் மகாதீர் "பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள்" என்று கொள்கை வகுத்ததற்கு அந்தக் கட்டண உயர்வும் ஒரு காரணம். என் மாமனார் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அரசியல் கதை என்று நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை.

சரி, எங்கள் கணக்குக்கு வருகிறேன்.

2022 ஜூலையில், பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தள ஆண்டுக்குக் கல்லூரியில் சேர்த்தபோது, ஆலோசகர் ஒருவர் வழவழப்பான விளக்கத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார். இங்கிலாந்தில் கடைசி ஆண்டுக் கட்டணம் 16,900 பவுண்டு. அப்போது பவுண்டு 5 வெள்ளி (ரிங்கிட்) 35 காசு. பெருக்கினால் 90,415 வெள்ளி. அந்தத் தாளை இன்னமும் வைத்திருக்கிறேன். அச்சடித்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறது. அதற்குரிய விளக்கம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில்: கட்டணம் அந்தந்த ஆண்டு நிலவரப்படி மாறும். பென்சில் எழுத்து பெரிதாகத் தெரிந்தது. நட்சத்திரத்தை அன்று நான் பார்க்கவே இல்லை.

2025இல் அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய சேர்க்கைக் கடிதத்தில் 20,800 பவுண்டு என்று இருந்தது. மூன்று வருடத்தில் 3,900 பவுண்டு கூடுதல், நூற்றுக்கு 23. பவுண்டையும் 5.75 என்று வைத்துக்கொண்டால் 1,19,600 வெள்ளி. பென்சில் எழுதிய நாளிலிருந்து 29,185 வெள்ளி ஏறியிருக்கிறது. இதில் கட்டணம் ஏறியது ஒரு பங்கு, வெள்ளி இறங்கியது இன்னொரு பங்கு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பது கணக்கு வேலை பார்க்கும் எனக்கே அன்று தோன்றவில்லை.

சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கு, சேர்ந்த ஆண்டின் கட்டணத்தையே படிப்பு முடியும்வரை ஏற்றாமல் வைத்திருக்கும். மகள் அதைக் கேட்டு மின்னஞ்சல் போட்டாள். அந்தச் சலுகை உண்டு, ஆனால் அங்கே சேரும் நாளிலிருந்துதான் கணக்கு என்று பதில் வந்தது. இங்கே படித்த இரண்டு வருடம் அவர்கள் கணக்கில் சேராது. நேராக மூன்றாம் ஆண்டில் போய் நிற்கும் பிள்ளை அவர்களுக்குப் புது மாணவி. 2+1 எடுக்கிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது: எந்த வருடத்துக் கட்டணம் எங்களுக்குப் பொருந்தும்? பதிலை வாயால் சொன்னால் போதாது, கடிதத்தில் வாங்குங்கள்.

அங்கே அப்படி என்றால், இங்கே இன்னொரு கூத்து.

நான் பிறையில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். வடக்கு பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்குப் போய்வரும் பெட்டிகளின் இன்வாய்ஸ் தினமும் என் மேசைக்கு வரும். கப்பல்காரர்கள் விலை ஏற்றும் விதத்தை இருபது வருடமாகப் பார்க்கிறேன். கடல் கட்டணம் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே டெர்மினல் ஹேண்ட்லிங் கூடும், டாக்குமெண்ட் கட்டணம் கூடும், சீல் கட்டணம் என்று புதிதாக ஒரு வரி முளைக்கும், எரிபொருளுக்கு ஒரு சர்சார்ஜ் வந்து ஒட்டிக்கொள்ளும். கேட்டால், "ரேட் ஏறவே இல்லையே" என்பார்கள். அலுவலகத்தில் நான் விடமாட்டேன். பழைய இன்வாய்ஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஸ்கேலை நகர்த்திப் பார்ப்பேன். ஆனால் வீட்டில் கல்லூரி பில் வந்தால் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இணைய வங்கியில் கட்டிவிடுவேன். பிள்ளை படிக்கிற இடத்தைச் சந்தேகப்படலாமா என்கிற எண்ணம்தான்.

அந்த நவம்பர் இரவுக்குப் பிறகு பழைய பில்களை எல்லாம் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். 2023 செப்டம்பரில் படிப்புக் கட்டணம் 9,800, வளக் கட்டணம் 350, மாணவர் நடவடிக்கைக்கு 80, மொத்தம் 10,230. 2024 செப்டம்பரிலும் படிப்புக் கட்டணம் அதே 9,800. சேர்க்கைக் கடிதத்தில் எழுதியபடி ஒரு காசு ஏறவில்லை. ஆனால் வளக் கட்டணம் 520, நடவடிக்கை 120, மின்னிலக்கத் தளக் கட்டணம் என்று புதிதாக 190, பங்காளிப் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டணம் என்று இன்னொரு புது வரி 380. மொத்தம் 11,010. ஒரே வருடத்தில் 780 வெள்ளி கூடுதல், அதாவது ஏழரை விழுக்காட்டுக்கு மேல். என் கணவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "உங்க கப்பல் கம்பெனிக்காரனே காலேஜ் ஆரம்பிச்சிட்டான் போல" என்றார்.

டிசம்பரில் ஒரு நாள் விடுப்பு எடுத்து பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் போனேன். நாலு மணி நேரப் பயணம். மின்னஞ்சல் போட்டிருக்கலாம். போட்டேன், இரண்டு முறை. "உங்கள் விசாரணை பெறப்பட்டது" என்று தானியங்கிப் பதில் இரண்டு முறை வந்தது.

கல்லூரி நிதிப் பிரிவுக் கவுண்டரில் ஒரு தமிழ்ப் பையன். இருபத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பிள்ளை.

"ஆன்ட்டி, டியூஷன் ஃபீ ஒரு காசுகூட ஏறல. கேட்லாக்ல இருக்கிற மாதிரிதான் போட்டிருக்கோம்."

"தம்பி, நான் டியூஷன் ஃபீயப் பத்திக் கேக்கவே இல்ல. இந்த நாலு வரியப் பத்திக் கேக்குறேன். அமைச்சு ஒப்புதல் கொடுத்த கட்டண அட்டவணையில இது நாலும் இருக்கா? இருந்தா ஒரு நகல் காட்டுங்க."

அந்தப் பையன் முகத்தில் ஒரு மாற்றம். எழுந்து உள்ளே போனான். பன்னிரண்டு நிமிடம் கழித்து மேற்பார்வையாளர் அம்மா ஒருவருடன் வந்தான். அவர் சீனப் பெண்மணி. கோபம் எதுவும் காட்டாமல் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். வளக் கட்டணமும் நடவடிக்கைக் கட்டணமும் திருத்தி அனுமதி வாங்கியவை என்று கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். தளக் கட்டணம் எல்லா மாணவருக்கும் பொதுவாம். அந்த 380 வந்தபோது பேனாவை வைத்துவிட்டார். பங்காளிப் பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிவு செய்ய, கடைசி ஆண்டில் ஒரே ஒருமுறை வாங்க வேண்டிய காசு அது. இரண்டாம் ஆண்டு பில்லில் தவறாக ஏறியிருக்கிறது. மகளுக்கு மட்டுமா என்றேன். அதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "அடுத்த பருவக் கட்டணத்தில் கழித்துவிடுகிறோம்" என்றார், எழுதியும் கொடுத்தார். மகள் வகுப்பில் விசாரித்ததில் இன்னும் பதினேழு பேர் பில்லிலும் அதே 380 இருந்தது.

நாலு வரிக்குச் சண்டை போட்டு ஒரு வரியை மீட்டுவந்தேன். ரயில் டிக்கெட்டையும் ஒரு நாள் விடுப்பையும் கழித்தால் பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று புரிந்தது. தனியார் கல்லூரிகள் 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. கட்டணத்துக்கு உயர்கல்வி அமைச்சின் ஒப்புதல் வேண்டும். "ஏறவில்லையே" என்று யாராவது சொன்னால், எந்த வரி ஏறவில்லை என்று திருப்பிக் கேளுங்கள். படிப்புக் கட்டணம் என்று பெயர் சூட்டிய வரிக்குத்தான் எல்லோரும் உறுதி தருவார்கள். மற்ற வரிகள் சொந்தக்காரன் இல்லாத மாடு மாதிரி, போகிற பக்கமெல்லாம் போகும். சேரும்போதே, "படிப்புக் கட்டணம் தவிர மற்றவை மொத்தம் எவ்வளவு, இவை வருடத்துக்கு எவ்வளவு ஏறும்?" என்று கேட்டு வாங்கியிருந்தால் எனக்கு அந்த ரயில் பயணம் மிச்சமாகியிருக்கும். கவுண்டரில் காரியம் நடக்காவிட்டால் புத்ராஜெயாவில் அமைச்சுக்கே இணையம் வழி புகார் கொடுக்கலாம். ஜார்ஜ்டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அங்கே தமிழிலேயே பேசலாம். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை.

இதை எல்லாம் கேட்டுவிட்டு என் அக்கா, "பேசாம அரசாங்க யூனிவர்சிட்டிக்கே அனுப்பியிருக்கலாம்" என்றார். அனுப்ப மாட்டோம் என்றா சொன்னோம்? ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிந்ததும், அரசு உயர்கல்விச் சேர்க்கைக்கான யுபியு வழியாக விண்ணப்பித்தோம். கேட்ட இடம் கிடைக்கவில்லை. வேறு துறையில் கிடைத்ததை அவள் வேண்டாம் என்றாள். அக்கா மகன் பினாங்கு மிண்டனில் யுஎஸ்எம் என்கிற அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவன் ஒரு பருவத்துக்குக் கட்டும் காசு என் மகளின் வளக் கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றுக்கொள்கிறது. கட்டுப்பாடு என்றால் அதுதான் கட்டுப்பாடு. ஆனால் அந்தக் குறைந்த கட்டணமும் அந்த வாசல் வழியாக உள்ளே போன பிள்ளைக்குத்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சாத்து என்கிற நேரடிச் சேர்க்கை வழி ஒன்று இருக்கிறது. அதே பல்கலைக்கழகம்தான், ஆனால் அந்த வழியில் சேர்ந்தால் பல மடங்கு கட்டணம். 2025இல், ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மில் முழுப் புள்ளி எடுத்த மாணவருக்கு அங்கே கணக்கியல் கிடைக்காமல் போனதையொட்டி இதைப் பற்றி நாடே பேசியது.

மகளின் அறைத்தோழி ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து தனியார் உயர்கல்வியில் வெளிநாட்டு மாணவருக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்தது. மலேசியப் பிள்ளைகளுக்கு அந்த வரி கிடையாது. அந்தப் பெண்ணுக்கு வந்த பில்லில் கடைசி வரியாக அந்த 6 விழுக்காடு ஏறியிருந்தது. ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கிற இரண்டு பிள்ளைகள். என் மகள் பில்லில் அந்த இடம் காலி. நான் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். "உங்கட நாட்டில உங்கட பிள்ளைக்கு இல்லைத்தானே, எங்களுக்குத்தான்" என்றார், குறையாகக்கூட இல்லை, சும்மா தகவல் சொல்வது போல. நவம்பரில் நான் இருந்த இடத்தில் இப்போது அவர் இருக்கிறார். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நாங்கள் முடிவெடுக்க வேண்டிய மாதம் 2025 மே. அந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கட்டணம் மட்டும் 1,19,600 வெள்ளி. இது போக, லண்டனுக்கு வெளியே தங்கிப் படிக்க மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் கையிருப்பு இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அது 58,788 வெள்ளி. விசாக் கட்டணம் அப்போது 524 பவுண்டு. மருத்துவ வசதிக்கென்று குடிநுழைவுத் துறை வாங்கியது ஆண்டுக்கு 776 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 7,475 வெள்ளி. கூட்டினால் 1,85,863. விமான டிக்கெட்டும் குளிர்ச் சட்டையும் இன்னும் எழுதவில்லை.

எங்கிருந்து வரும்? பிடிபிடிஎன் என்கிற அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான், இங்கிலாந்து ஆண்டுக்கு அதிலிருந்து ஒரு காசு வராது. சேர்க்கும்போது, "கடன் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்று தலையாட்டியது நான்தான். கணவரின் ஊழியர் சேமநிதியில் அக்காவுன் செஜாத்தெரா என்கிற பிரிவிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம், வெளிநாட்டுப் படிப்புக்கும் உண்டு. அதில் இருந்தது நாற்பதாயிரத்துச் சொச்சம். எஸ்எஸ்பிஎன் என்கிற அரசுக் கல்விச் சேமிப்பில் பன்னிரண்டாயிரம். அதில் போடும் காசுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிவரை வருமான வரிக் கழிவு உண்டு என்று தெரிந்து நாங்கள் போட ஆரம்பித்ததே மகள் ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதுதான். பத்து வருடம் பிந்திவிட்டோம். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்த்த கையோடு தொடங்கியிருக்க வேண்டும்.

மிச்சத்துக்கு என் நகை. அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேசையில் வைத்தேன். பதினான்கு பவுன். என் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவிச் சேர்த்தது பாதி. "பவுன வித்துப் பவுண்டு கட்டப் போறோமா?" என்று கணவர் கேட்டார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் அவரே தன் மாமா மகன் கதையை எடுத்தார். சுங்கைப் பட்டாணிக்காரர். 1996இல் இங்கிலாந்துக்குப் போனார். 1997 நடுவில் அமெரிக்க டாலர் இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் அது நாலே முக்கால் வெள்ளியைத் தாண்டியது. பவுண்டும் கூடவே ஏறியது. வீட்டை அடமானம் வைத்தும் முடியாமல், ஒரு வருடம் பாக்கி இருக்கும்போது அவரைத் திரும்பி வரச் சொன்னார்கள். அந்த நெருக்கடிக்குப் பிறகுதான் 3+0 என்று, மூன்று வருடமும் இங்கேயே படித்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கும் வழியை நம் அரசு திறந்துவிட்டது. மாமா மகனுக்கு அது கொஞ்சம் பிந்திவிட்டது. இப்போது அலோர் ஸ்டாரில் வாகனக் காப்புறுதி முகவராக நன்றாகத்தான் இருக்கிறார். கல்யாண வீடுகளில் யாராவது பட்டமளிப்புப் படம் காட்டினால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அதே கல்லூரியில், அதே பல்கலைக்கழகத்தின் பட்டத்தை 3+0 வழியாக முடிக்க இடம் இருந்தது. கடைசி ஆண்டுக்கு இரண்டு பருவமும் சேர்த்து 30,800 வெள்ளி. பிடிபிடிஎன் தொடர்ந்து கிடைக்கும். மாறுவதற்கு இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கெடுவுக்கு இன்னும் பதினொரு நாள். இந்தக் கெடு இருப்பதையே மகள் மூத்த மாணவி ஒருத்தியிடமிருந்துதான் தெரிந்துகொண்டாள். கல்லூரியிலிருந்து யாரும் வலிய வந்து சொல்லவில்லை. 2+1இல் பிள்ளை படிக்கிற வீடுகளில், முதல் ஆண்டிலேயே இந்த மாற்று வழி இருக்கிறதா, எந்தத் தேதிக்குள், பாடங்கள் பொருந்துமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகிறீர்களோ இல்லையோ, கதவு எங்கே என்று தெரிந்திருக்கட்டும்.

மகள் அன்று எதுவும் பேசவில்லை. நகைப் பெட்டியை மூடி, அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "3+0 ஃபார்ம் ஃபில் பண்ணிடுறேன் மா" என்றாள். மூன்று வருடமாக அவள் கைத்தொலைபேசித் திரையில் இருந்த படம், ஒரு பழைய கல் கட்டடமும் முன்னால் புல்வெளியும். அதை எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை. ஜூனில் பார்த்தபோது எங்கள் வீட்டுப் பூனை இருந்தது.

சரியான முடிவா என்று என்னைக் கேட்காதீர்கள். காசுக் கணக்கில் சரி. இருபத்தொரு வயதுப் பெண் ஒரு வருடம் வேறு நாட்டில் தனியாக நின்று பார்ப்பதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியாது. அதற்கு இன்வாய்ஸ் இல்லை. என் தங்கை போன்ற தோழி ஒருத்தி நகையை அடகு வைத்து மகனை அனுப்பினாள். அவள் செய்ததையும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

மகனுக்கு இப்போது பதினாறு. போன மாதம் கல்விக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு கடையிலும் விளக்கத் தாளை வாங்கியதும் பின்பக்கம் திருப்பி நட்சத்திரக் குறியைத் தேடினேன். அவனுக்கு வெட்கமாக இருந்ததாம், நாலடி தள்ளியே நடந்துவந்தான். ஆஸ்திரேலியாப் பல்கலைக்கழகம் ஒன்றின் கடையில், "அங்கே அரசு கட்டணத்துக்கு வரம்பு வைத்திருக்கிறதே" என்று ஒரு அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த முகவர் தலையை ஆட்டினார், இல்லை என்று சொல்லவில்லை. அந்த அப்பாவின் தோளைத் தொட்டு, "அண்ணே, அது யாருக்குன்னு கேளுங்க" என்றேன்.

செப்டம்பரில் மூன்றாம் ஆண்டு முதல் பில் வந்தது. திறந்து பார்ப்பதற்குள் மகளே படம் எடுத்து அனுப்பிவிட்டாள். பங்காளிப் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டணம், 380 வெள்ளி. அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். கீழே ஒரு குறிப்பு: "மா, கவுண்டர்ல கேட்டுட்டேன். இந்தத் தடவ கட்டணுமாம்."

கட்டிவிட்டோம்.